பள்ளி தேடிய பெற்றோர்: லூயி பிரெயிலின் வாழ்க்கை தரும் சிந்தனை



கோடை விடுமுறை தொடங்கும்போதே பல வீடுகளில் ஒரு கவலையும் தொடங்கிவிடுகிறது. பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டான், அடுத்து எந்தப் பள்ளி? பெரும்பாலான குடும்பங்களில் கட்டணம், தூரம், தேர்ச்சி விகிதம் என்ற மூன்று கணக்குகளோடு இந்தக் கேள்வி முடிந்துவிடும். ஆனால் பார்வையில்லாத, காது கேளாத, கற்பதில் மெதுவான, மற்றப் பிள்ளைகளைப் போல் ஓரிடத்தில் அமர இயலாத ஒரு குழந்தையின் பெற்றோருக்கு இது தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. ஊர்ப் பள்ளியிலேயே எல்லாரோடும் சேர்த்து விடுவதா? தொலைவிலுள்ள சிறப்புப் பள்ளியின் விடுதியில் விட்டுவிட்டு வருவதா? படிப்பே வேண்டாம், நம் கண்முன்னே இருக்கட்டும் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வதா?

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, பிரான்சு நாட்டின் ஒரு சிற்றூரில், சேணம் தைத்துப் பிழைத்த ஒரு தொழிலாளியும் அவர் மனைவியும் இதே கேள்விக்கு முன் நின்றார்கள். அவர்கள் எடுத்த முடிவு அவர்களுடைய மகனின் வாழ்க்கையை மட்டுமல்ல, உலகெங்கும் உள்ள பார்வையற்றோரின் வாழ்க்கையையே மாற்றியது. அந்த மகன்தான் லூயி பிரெயில். விரல்களால் வாசிக்கும் எழுத்தை உலகிற்குத் தந்தவர் என்று அவரை நாம் அறிவோம். அவரை அந்த இடத்திற்குக் கொண்டுசேர்த்த பெற்றோரையும், ஒரு பங்குத்தந்தையையும், ஓர் ஊர் ஆசிரியரையும் நாம் அவ்வளவாக அறிவதில்லை. இன்று அவர்களையும் சேர்த்துச் சிந்திப்போம்.

பட்டறையில் நடந்த விபத்து

பாரிஸ் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கூவ்ரே என்னும் ஊர். அங்கே 1809-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் லூயி பிறந்தான். தந்தை சிமோன் ரெனே, குதிரைகளுக்குச் சேணமும் வாரும் செய்பவர். தாய் மோனிக். நான்கு பிள்ளைகளில் லூயிதான் கடைக்குட்டி.

1812-ஆம் ஆண்டு. லூயிக்கு மூன்று வயது. தந்தையின் பட்டறையில் தோலும் கருவிகளும் கிடக்கின்றன. அப்பா செய்வதைத் தானும் செய்து பார்க்க எண்ணிய குழந்தை, தோலில் துளையிடும் குத்தூசியை எடுத்தான். அது வழுக்கி அவனுடைய ஒரு கண்ணைக் குத்திவிட்டது. கிருமிக்கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது. காயத்தில் சீழ் வைத்தது. அழற்சி அடுத்த கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதிற்குள் லூயிக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது.

பெற்ற மனத்தின் வேதனையை எண்ணிப் பாருங்கள். தம் தொழிலின் கருவியே தம் மகனின் கண்களைப் பறித்துவிட்டது. வேறொரு தந்தையாக இருந்தால் குற்ற உணர்விலேயே முடங்கியிருப்பார், அல்லது மகனைப் பொத்திப் பொத்தி வைத்து ஒன்றும் தெரியாதவனாக வளர்த்திருப்பார். சிமோன் ரெனே இரண்டையும் செய்யவில்லை. மகனுக்கு ஒரு கைத்தடி செய்து கொடுத்தார். அதைத் தட்டித் தட்டி லூயி ஊரின் பாதைகளைக் கற்றுக்கொண்டான். பட்டறையில் அவனுக்கும் சிறு வேலைகள் கொடுத்தார். மரப்பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அடித்து, தடவிப் பார்த்து எழுத்துகளை அறியச் செய்தார் என்றும் சொல்வார்கள். எது எப்படியோ, அந்த வீட்டில் லூயி ஒரு சுமையாக நடத்தப்படவில்லை. வேலை தெரிந்த ஒரு பிள்ளையாகவே வளர்க்கப்பட்டான்.

அக்காலத்தில் பார்வையற்ற ஏழைப் பிள்ளைகளில் பலருக்குக் காத்திருந்தது என்ன? ஆலய வாசலிலும் சந்தையிலும் கையேந்துவதுதான். போதாக்குறைக்கு அந்த ஆண்டுகளில் நெப்போலியனின் போர்கள் முடிவுக்கு வந்து, அயல்நாட்டுப் படைகள் அந்தப் பகுதியில் தங்கியிருந்தன. கூவ்ரே மக்கள் தங்கள் வீடுகளில் படைவீரர்களுக்கு இடமும் உணவும் தர வேண்டியிருந்தது. இத்தனை நெருக்கடியிலும் அந்தக் குடும்பம் தன் மகனின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட மறக்கவில்லை.

ஒரு பங்குத்தந்தை செய்த உதவி

1815-ஆம் ஆண்டில் கூவ்ரே பங்கிற்குப் புதிய பங்குத்தந்தை வந்தார். அவர் பெயர் அருட்தந்தை ஜாக் பல்லுயி. பார்வையில்லாத இந்தச் சிறுவனின் கூர்மையான அறிவைக் கண்டவர், அவனைத் தம் இல்லத்திற்கு வரவழைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். மலர்களை மணத்தாலும், மரங்களைத் தொட்டும், பறவைகளைக் குரலாலும் அறியப் பழக்கினார். விவிலிய நிகழ்வுகளைக் கதைகளாகச் சொன்னார்.

ஆனால் ஒரு பிள்ளைக்குக் குருவானவர் ஒருவரே எல்லாமாக இருந்துவிட முடியாது. ஒத்த வயதுப் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்க வேண்டும். இதை உணர்ந்த பல்லுயி அடிகளார் ஊர்ப் பள்ளி ஆசிரியர் அந்துவான் பெஷெரேயை அணுகினார். பார்வையற்ற ஒரு பிள்ளையை வகுப்பில் சேர்ப்பது அக்காலத்தில் யாரும் நினைத்துப் பாராத ஒன்று. பெஷெரே சேர்த்துக்கொண்டார். அடுத்த வீட்டுச் சிறுவன் ஒருவன் தினமும் கையைப் பிடித்து லூயியைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றான். கேட்டதை அப்படியே நினைவில் நிறுத்தும் ஆற்றலால் லூயி வகுப்பில் சிறந்து விளங்கினான்.

இன்று நாம் ஒருங்கிணைந்த கல்வி என்று சொல்வதை, அந்தப் பெயர்கூடத் தெரியாத ஒரு கிராமம் இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்துவிட்டது. அதற்குச் சட்டம் தேவைப்படவில்லை. மனமுள்ள ஓர் ஆசிரியரும், கை கொடுக்க ஒரு நண்பனும் போதுமானதாக இருந்தது.

இருப்பினும் ஒரு சிக்கல் இருந்தது. மற்றப் பிள்ளைகள் புத்தகத்தை எடுக்கும்போது லூயி சும்மா உட்கார்ந்திருந்தான். அவர்கள் எழுதும்போது அவன் கைகள் மடியில் இருந்தன. கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்ததே தவிர, தானே படிக்கவும் எழுதவும் வழி இல்லை. ஆசிரியர் நல்லவர், ஊரும் நல்ல ஊர். ஆனால் அந்தப் பள்ளியிடம் அவனுக்குத் தேவையான கருவி இல்லை.

வீட்டில் வைத்துக்கொள்வதா, அனுப்புவதா?

பார்வையற்ற சிறாருக்கென்று பாரிசில் ஒரு பள்ளி இருப்பது அருட்தந்தை பல்லுயி, ஆசிரியர் பெஷெரே ஆகியோரின் வழியாகக் குடும்பத்திற்குத் தெரிய வந்தது. 1785-ஆம் ஆண்டில் வாலந்தேன் ஹாயி என்பவர் தொடங்கிய பள்ளி அது. 1771-ஆம் ஆண்டில் பாரிசின் ஒரு சந்தையில் பார்வையற்றோரைக் கோமாளிகளாக உடுத்தி, கூட்டம் பார்த்துச் சிரிப்பதைக் கண்டு மனம் நொந்தவர் ஹாயி. ஓர் ஆலய வாசலில் பிச்சையெடுத்துக் கொண்டிருந்த ஃபிரான்சுவா லெசுவேர் என்ற பார்வையற்ற இளைஞனையே தம் முதல் மாணவனாக்கிக்கொண்டார். தடித்த தாளில் எழுத்துகளை மேடாக அழுத்தி, விரலால் தடவிப் படிக்கச் செய்தார். உலகில் பார்வையற்றோருக்கென எழுந்த முதல் பள்ளி அதுதான். பின்னாளில் அது அரசின் பொறுப்பில் வந்தது.

அங்கே இடம் கிடைப்பது எளிதல்ல. கட்டணம் கட்டும் வசதி குடும்பத்திற்கு இல்லை. அவ்வூர்ப் பெருநிலக்கிழாரான டோர்விலியே பிரபு அரசுக்கு எழுதி, லூயிக்கு உதவித்தொகையுடன் ஓர் இடம் பெற்றுத்தந்தார்.

இடம் கிடைத்தது. ஆனால் பையனுக்குப் பத்து வயதுதான். பார்வை இல்லை. 40 கிலோமீட்டர் என்பது குதிரை வண்டியில் ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். நினைத்தபோது போய்ப் பார்க்க முடியாது. ஊரில் அவனுக்கு எல்லாரையும் தெரியும், எல்லாருக்கும் அவனைத் தெரியும். அங்கே யாரையும் தெரியாது. வீட்டிலேயே இருந்தால் தந்தையோடு பட்டறையில் ஏதோ ஒரு வேலை செய்து பிழைத்துக்கொள்வான். ஆனால் பெற்றோர் இறந்த பின்? இந்த இடத்தில்தான் அந்தப் பெற்றோர் தங்கள் பாசத்தை மகனின் எதிர்காலத்திற்கு வழிவிடச் செய்தார்கள். 1819-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் லூயி பாரிஸ் பள்ளியில் சேர்ந்தான்.

தேர்ந்த பள்ளி எப்படி இருந்தது?

அவர்கள் தேர்ந்தது குறைகளற்ற பள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். அதை உள்ளபடி அறிவது நமக்கு நல்லது.

பள்ளி இயங்கிய கட்டடம் பழமையானது. புனித வின்சென்ட் தே பவுல் 1625-ஆம் ஆண்டில் தம் மறைபரப்புச் சபையைத் தொடங்கிய இடம் அதுவே. பின்னர் அது குருமடமாயிற்று. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1792 செப்டம்பரில், அங்கே அடைக்கப்பட்டிருந்த குருக்கள் பலர் கொல்லப்பட்டனர். புனிதமும் துயரமும் கலந்த அந்த இடம் குழந்தைகள் வாழ ஏற்றதாக இல்லை. குறுகிய படிக்கட்டுகள், இருண்ட அறைகள், சுவரெங்கும் ஈரம். உணவும் சுமார்தான். அப்போதைய இயக்குநர் கில்லியே கண்டிப்பானவர். தவறு செய்த பிள்ளைகளைத் தனியே அடைத்து வைப்பதும் வழக்கமாக இருந்தது.

படிப்பு பெரும்பாலும் வாய்வழிதான். ஹாயி உருவாக்கிய மேடெழுத்துப் புத்தகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்தன. ஒவ்வொன்றும் மிகப் பெரியது, கனமானது. ஒவ்வோர் எழுத்தையும் தடவி, அதன் வடிவத்தை மனத்தில் கண்டு, அடுத்ததற்குப் போவதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துவிடும். அந்த முறையில் படிக்கலாம், ஆனால் பார்வையற்ற ஒருவர் தாமாக எழுத முடியாது. காரணம் எளிது. அது கண்ணுக்காகப் படைக்கப்பட்ட எழுத்து. கண்ணுள்ளவர்கள் தமக்குத் தெரிந்ததையே சற்று மேடாக்கி விரலுக்குக் கொடுத்தார்கள். நல்ல எண்ணத்தோடு செய்தார்கள். ஆனால் விரலுக்கு எது எளிது என்று விரலால் வாழ்பவர்களை யாரும் கேட்கவில்லை.

இத்தனை குறைகளுக்கு இடையிலும் அந்தப் பள்ளியில் லூயிக்கு ஊரில் கிடைக்காத மூன்று கிடைத்தன. தன்னைப் போன்ற தோழர்கள் கிடைத்தார்கள். கப்ரியேல் கோத்தியே அவர்களில் ஒருவர், வாழ்நாள் நண்பர். அடுத்து, இசை கிடைத்தது. பியானோவும் ஆர்கனும் கற்றான். மூன்றாவதாக, பார்வையற்றோர் எப்படிப் படிப்பது என்பதையே ஓயாமல் சிந்திக்கும் ஒரு சூழல் கிடைத்தது. இந்த மூன்றாவதே வரலாறு படைத்தது.

ஆறு புள்ளிகள்

1821-ஆம் ஆண்டில் பள்ளிக்குப் புதிய இயக்குநராகப் பின்னியே வந்தார். பக்தியுள்ள கத்தோலிக்கர், மாணவர்கள்மீது அக்கறை கொண்டவர். ஒதுக்கப்பட்டு முதுமையில் வாடிய நிறுவனர் ஹாயியை அவர் பள்ளிக்கு அழைத்துப் பெருமைப்படுத்தினார். அந்த விழாவில் பன்னிரண்டு வயது லூயியும் இருந்தான். அடுத்த ஆண்டே ஹாயி காலமானார்.

அந்தக் காலத்தில்தான் பீரங்கிப் படையில் பணியாற்றிய ஷார்ல் பார்பியே என்பவர் ஒரு புதிய முறையைப் பள்ளியின் பார்வைக்கு வைத்தார். எழுத்துகளுக்குப் பதிலாக, தாளில் குத்திய மேட்டுப் புள்ளிகளால் ஒலிகளைக் குறிக்கும் முறை அது. புள்ளி விரலுக்குச் சட்டெனப் புலப்பட்டது. மாணவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் ஓர் ஒலிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை தேவைப்பட்டதால் விரலை மேலும் கீழும் நகர்த்த வேண்டியிருந்தது. எழுத்துக்கூட்டல் இல்லை. நிறுத்தக்குறிகள் இல்லை. இசைக் குறியீடும் இல்லை.

லூயி அதைக் கையிலெடுத்தான். பகலெல்லாம் பாடம், இரவில் ஆய்வு. விடுமுறைக்குக் கூவ்ரே சென்றபோதும் தாளும் எழுத்தாணியும் அவனுடனேயே சென்றன. 1824-ஆம் ஆண்டில், பதினைந்து வயதில், அடிப்படை அமைப்பை முடித்துவிட்டான். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி, ஆக மொத்தம் ஆறு. விரல் நுனியின் ஒரே தொடுதலில் அடங்கிவிடும் அளவு. அந்த ஆறு புள்ளிகளைக் கொண்டு 63 வடிவங்கள் அமைக்கலாம். முதல் பத்து எழுத்துகளுக்கு மேலுள்ள நான்கு புள்ளிகள் மட்டும். அடுத்த பத்துக்கு அவற்றோடு கீழே இடப்பக்கம் ஒரு புள்ளி. ஒரு குழந்தைகூட நினைவில் வைத்துக்கொள்ளும் ஒழுங்கு அதில் இருந்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, பார்வையற்றவர் தாமே எழுதலாம், தாம் எழுதியதைத் தாமே வாசிக்கலாம்.

புள்ளி குத்தும் எழுத்தாணியைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். அது தந்தையின் பட்டறைக் குத்தூசியை ஒத்தது. ஒளியைப் பறித்த அதே வடிவக் கருவி, பல இலட்சம் பேருக்கு அறிவொளி தரும் கருவியானது.

1829-ஆம் ஆண்டில் தம் முறையை விளக்கி லூயி ஒரு நூல் வெளியிட்டார். சொற்களை மட்டுமல்ல, இசையையும், திருவழிபாட்டில் பாடப்படும் கிரகோரியன் பண்ணையும் புள்ளிகளால் எழுதும் வழி அதில் இருந்தது. தமக்கு வழிகாட்டிய பார்பியேவின் பணியை அந்நூலில் நன்றியோடு குறிப்பிட்டார். 1837-ஆம் ஆண்டில் திருத்திய பதிப்பு வந்தது. அதே ஆண்டில் பிரான்சு நாட்டு வரலாறு மூன்று தொகுதிகளாக இந்த எழுத்தில் அச்சாகி, மாணவர்கள் கைக்கு வந்தது.

ஆசிரியர் பிரெயில்

மாணவராகச் சேர்ந்த பள்ளியிலேயே 1828-ஆம் ஆண்டில் உதவி ஆசிரியரானார் லூயி. 1833-ஆம் ஆண்டில் முழுநேர ஆசிரியரானார். இலக்கணம், வரலாறு, புவியியல், கணக்கு, இசை எனப் பல பாடங்களைக் கற்பித்தார். பாரிஸ் நகர ஆலயங்களில் ஆர்கன் வாசிப்பவராகவும் பணியாற்றினார். ஊர் அவரைப் பிச்சைக்காரனாகப் பார்த்திருக்க வேண்டிய ஆலயத்தில், அவருடைய இசை இறைமக்களின் செபத்தைத் தாங்கி நின்றது.

1831-ஆம் ஆண்டு மே மாதத்தில் தந்தை சிமோன் ரெனே இறைவனடி சேர்ந்தார். இறப்பதற்கு முன், தம் மகனை ஒருபோதும் கைவிட வேண்டாம் என்று இயக்குநர் பின்னியேவுக்கு வேண்டுகோள் விடுத்திருந்தார். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்ததோடு தம் பொறுப்பு முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. மகனுக்கு 22 வயதாகி, ஆசிரியராகவும் ஆன பிறகும் அந்தத் தந்தையின் கவலை தீரவில்லை. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இது புரியும். எனக்குப் பிறகு இவனுக்கு யார் என்ற கேள்வி அவர்களைக் கடைசி மூச்சுவரை விடுவதில்லை.

பின்னியே அந்த வேண்டுகோளைக் காத்தார். ஆனால் 1840-ஆம் ஆண்டில் அவரே பதவியிலிருந்து அகற்றப்பட்டார். புதிய இயக்குநர் துஃபோ, பிரெயில் எழுத்தை வகுப்புகளிலிருந்து நீக்கி, மீண்டும் மேடெழுத்தைக் கொண்டுவந்தார். பார்வையுள்ளோர் படிக்க முடியாத எழுத்து பார்வையற்றோரை மற்றவர்களிடமிருந்து பிரித்துவிடும் என்பது அக்காலத்தில் பலருடைய வாதம். முற்றிலும் தள்ளிவிட முடியாத வாதம்தான். ஆனால் மாணவர்கள் தங்கள் விரல்களால் தீர்ப்பு எழுதினார்கள். தடைக்குள்ளும் பிரெயில் முறையிலேயே குறிப்பெடுத்தார்கள், ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். துணை இயக்குநர் குவாதே இதைக் கண்டு மனம் மாறினார், இயக்குநரின் மனத்தையும் மாற்றினார். 1844-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில், பொதுமக்கள் முன்னிலையில் பிரெயில் எழுத்தின் சிறப்பு செய்முறையாகவே காட்டப்பட்டது. தடை நீங்கியது.

பிரிந்துபோவோம் என்று அஞ்சியவர்களுக்கும் பிரெயில் ஏற்கெனவே ஒரு பதில் தந்திருந்தார். 1839-ஆம் ஆண்டிலேயே, பார்வையுள்ளோரும் கண்ணால் படிக்கக்கூடிய எழுத்தைப் புள்ளிகளால் அமைக்கும் வேறொரு முறையை வெளியிட்டார். விடுதியில் உள்ள பிள்ளை தன் கையாலேயே வீட்டிற்குக் கடிதம் எழுத அது வழி செய்தது. பத்து வயதில் வீட்டைப் பிரிந்த ஒருவருக்குத்தான் அந்தத் தேவை புரிந்திருக்கும்.

கொடுத்த விலை

இந்தக் கதையில் ஒரு துயரப் பக்கமும் உண்டு. அதை மறைத்தால் நாம் உண்மை பேசியவர்களாக மாட்டோம். 26 வயதிலேயே லூயிக்குக் காசநோய் கண்டது. ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த அந்த ஈரம் கசியும் கட்டடமே நோய்க்கு இடங்கொடுத்தது என்று பலர் கருதுகின்றனர். அக்கட்டடத்தின் நிலையை மருத்துவர்கள் முன்பே சுட்டிக்காட்டியிருந்தார்கள். 1838-ஆம் ஆண்டில் கவிஞர் லமார்த்தீன் நாடாளுமன்றத்தில் அதற்காக வாதாடிய பிறகே புதிய கட்டடத்திற்கு வழி பிறந்தது. லூயிக்கு அது மிகவும் பிந்திய உதவி.

ஆக, அவருக்குத் தோழர்களையும் இசையையும் வாழ்நாள் பணியையும் கொடுத்த பள்ளியே, அவருடைய ஆயுளைக் குறைத்ததாகவும் இருக்கலாம். பெற்றோர் தவறான முடிவு எடுத்துவிட்டார்களா? அப்படிச் சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் நல்ல முடிவுக்கும் ஒரு விலை உண்டு என்பதையும், அந்த விலையைக் குறைக்க வேண்டியது பெற்றோர் மட்டுமல்ல, பள்ளியும் அரசும் சமூகமும் சேர்ந்துதான் என்பதையும் இது நமக்குச் சொல்கிறது.

1852-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூன்று ஞானிகள் விண்மீனின் ஒளியைப் பின்தொடர்ந்து வந்ததை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழாவன்று, இறுதி அருளடையாளங்களைப் பெற்று லூயி பிரெயில் இறைவனடி சேர்ந்தார். 43 வயது நிறைந்து இரண்டே நாள்கள் ஆகியிருந்தன. திறக்காமலேயே எரித்துவிடச் சொல்லி ஒரு சிறு பெட்டியை விட்டுச் சென்றிருந்தார். நண்பர்கள் திறந்து பார்த்தபோது அதில் இருந்தவை, அவரிடம் கடன் வாங்கிய மாணவர்கள் எழுதிக்கொடுத்த கடன் சீட்டுகள். அனைத்தும் தீக்கு இரையாயின, கடன்களும் தீர்ந்தன.

அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1854-ஆம் ஆண்டில் பிரான்சு இந்த எழுத்தை முறையாக ஏற்றது. 1878-ஆம் ஆண்டில் பாரிசில் கூடிய பன்னாட்டு மாநாடு இதை ஆதரித்தது. 1951-ஆம் ஆண்டில் இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் முறை உருவானது. அதன் வழியாகத்தான் இன்று தமிழ்ப் பிள்ளையும் அதே ஆறு புள்ளிகளில் அகரம் கற்கிறது. 1952-ஆம் ஆண்டில் அவருடைய உடல், நாட்டின் பெரியோர் துயிலும் பாரிஸ் பாந்தியோனுக்குக் கொண்டு செல்லப்பட்டது. ஆனால் அவருடைய கைகளை மட்டும் கூவ்ரே மக்கள் தங்கள் ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள். 2019 முதல் அவர் பிறந்த ஜனவரி 4-ஆம் நாளை ஐக்கிய நாடுகள் அவை உலகப் பிரெயில் நாளாகக் கடைப்பிடிக்கிறது.

நமக்கான பாடங்கள்

அன்பார்ந்த பெற்றோரே, இந்த வாழ்விலிருந்து நான்கு செய்திகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, பிள்ளையை அறிந்து பள்ளியைத் தேடுங்கள். பள்ளியின் பெயர் பெரியதா என்று லூயியின் பெற்றோர் கேட்கவில்லை. ஊர்ப் பள்ளி போதுமானதாக இருந்தவரை அங்கே படிக்க வைத்தார்கள். அங்கே கிடைக்காத ஒன்று தேவைப்பட்டபோது வேறிடம் அனுப்பினார்கள். ஊர்ப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதற்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஒரே பிள்ளைக்குக்கூட வயதுக்கேற்ப விடை மாறலாம். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், குறிப்பிட்ட அளவு ஊனமுள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ விரும்பியதில் இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. ஆகவே தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை, யாரும் இரக்கப்பட்டுத் தருவது அல்ல.

இரண்டாவது, பள்ளியை நேரில் சென்று பாருங்கள். பாடத்திட்டத்தை மட்டும் கேட்டால் போதாது. விடுதி அறையில் காற்று வருகிறதா, கழிப்பறை எப்படி இருக்கிறது, தவறு செய்தால் என்ன தண்டனை, பிள்ளை எப்போது வீட்டோடு பேசலாம் என்று கேளுங்கள். லூயியின் நுரையீரல் இந்தக் கேள்விகளின் அவசியத்தை நமக்குச் சொல்லும்.

மூன்றாவது, அங்கே பிள்ளைகளின் குரலுக்கு இடமிருக்கிறதா என்று பாருங்கள். பதினைந்து வயது மாணவனின் முயற்சிக்கு இடம் கொடுத்ததுதான் பின்னியே நடத்திய பள்ளியின் பெருமை. மாணவர்களின் விரல்கள் சொன்னதைக் கேட்க மறுத்ததுதான் பின்னர் வந்த ஆண்டுகளின் பிழை.

நான்காவது, இது பெற்றோருக்கு மட்டுமல்ல, பங்கு முழுமைக்கும் உரியது. லூயிக்குப் பள்ளி தேடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பெற்றோர், பங்குத்தந்தை, ஆசிரியர், கை பிடித்து அழைத்துச் சென்ற சிறுவன், கடிதம் எழுதிய பிரபு. இவர்களில் ஒருவர் ஒதுங்கியிருந்தாலும் அந்தப் பிள்ளை கூவ்ரேயின் எல்லையைத் தாண்டியிருக்க மாட்டான்.

பிறவியிலேயே பார்வையற்றிருந்த மனிதரைக் கண்டதும், இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டதை யோவான் நற்செய்தியில் வாசிக்கிறோம். இயேசு அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை. கடந்ததைத் தோண்டாமல், அவர் வழியாகக் கடவுள் செய்யவிருப்பதைக் காட்டினார். நம் பங்கிலும் இப்படிப்பட்ட குழந்தையைப் பார்த்ததும் பெற்றோரைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. பெருமூச்சு யாரையும் பள்ளிக்கு அழைத்துச் செல்லாது. ஒரு கை அழைத்துச் செல்லும்.

சிந்தனைக்கு

நம் அன்பியத்தில், பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே இருக்கும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளை யார்? அந்தக் குடும்பத்தோடு நாம் கடைசியாக எப்போது பேசினோம்?

நம் பங்கின் மறைக்கல்வி வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு ஓர் இடம் இருக்கிறதா?

இந்த ஆண்டு, ஒரு பெற்றோருடன் ஒரு பள்ளியைப் பார்த்துவர நம்மால் ஒரு நாள் ஒதுக்க முடியுமா?